இலைமூக்கு ஓணானுக்கு நான் வைத்த பலகை

உங்களில் யாராவது காட்டோரத்தில் பலகை ஒன்று நட்டு வைக்கத் திட்டம் போட்டிருந்தால், இதைப் படித்து முடிக்கும்வரை சிமெந்து வாங்காதீர்கள்.

போன மாதம் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் புதிதாக வந்தவர்களுக்காக மாத்தளையில் நடந்த பயிற்சி வகுப்புக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் இந்த மாவட்டத்துக் காடுகளில் அட்டைக்கடி வாங்கியவள், ஓய்வுபெற்றுவிட்டாள், ஏதாவது இதமாகச் சொல்லிவிட்டுப் போவாள் என்று நினைத்திருக்கலாம். முன்வரிசையில் இருந்த ஒரு தங்கை எழுந்து, "மேடம், உங்க சேர்விஸ்லயே பெரிய சக்சஸ் எதுன்னு சொல்லுங்க" என்று கேட்டார். எனக்குச் சுள்ளென்று வந்தது. அந்தப் பிள்ளை மேல் இல்லை. வெற்றிக் கதையாகச் சொல்லிச் சொல்லியே நாம் ஒருவர் செய்த தவறை மற்றவரும் புதிதாகச் செய்துகொண்டிருக்கிறோம். அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஏலக்காய்ச் செடிகள் மண்டிய பற்றை ஒன்று இருக்கிறது. எந்தத் தோட்டம் என்று சொல்லமாட்டேன். கேட்டு எனக்கு போன் எடுக்கவும் வேண்டாம். அந்தப் பற்றையில் பெரிய மரங்களின் நிழலில் ஏலம் வளர்கிறது. அந்த மரங்களில்தான் இலைமூக்கு ஓணான் இருக்கிறது. ஒரு சாண் நீளம், அதில் பாதிக்கு மேல் வால். மூக்கு நுனியில் சின்ன இலை ஒன்றை ஒட்டி வைத்ததுபோல் இருக்கும். உலகத்தில் இந்த மலைத்தொடரைத் தவிர வேறெங்கும் கிடையாது. ஆளைக் கண்டால் ஓடத் தெரியாது. மரத்தோடு மரமாக அசையாமல் இருந்துகொண்டு, தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நம்பும். கையை நீட்டினால் பிடித்துவிடலாம். அதன் பிரச்சினையே அதுதான்.

அதை எனக்குக் காட்டியவர் ராசம்மா. அந்தப் பற்றையில் ஏலம் பறிக்கிறவர், கிட்டத்தட்ட என் வயது. நான் மூன்று நாள் பைனாகுலரைக் கழுத்தில் தொங்கப்போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்து தேடினேன். ஏலக்காய் செடியின் அடித்தூரில்தான் காய்க்கும். அதனால் பறிக்கிறவர்கள் நாள் முழுக்கக் குந்திக் குந்திப் போவார்கள். மரத்தின் முழங்கால் உயரத்தில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி. மூன்றாம் நாள் ராசம்மா கையில் இருந்த காயைக்கூடக் கீழே போடாமல், "மிஸ், நீங்க தேடுறது உங்க முதுகுக்குப் பின்னால இருக்கு" என்றார். இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. எங்கள் காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்பு சின்னது. மாத்தளையில் ஒரு வாடகை வீட்டின் மேல்மாடி, நான் பொறுப்பாளர், என்னோடு மூன்று பேர். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையோடு பேசி, நிழல் மரங்களை வெட்டுவதில்லை என்று சம்மதம் வாங்கினோம். துரையும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது. ஆனால் திட்டத்துக்கு உதவி தந்தவர்கள், "மக்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது செய்யுங்கள்" என்று கேட்டார்கள். மரம் வெட்டப்படாமல் நிற்பது கண்ணுக்குத் தெரியாதாம்.

எனவே பலகை. ஆள் உயரம், மூன்று மொழி, ஓணானின் வண்ணப்படம், 'அரிய உயிரினத்தின் வாழிடம், பாதுகாப்போம்' என்ற வாசகம், பற்றைப் பக்கம் ஓர் அம்புக்குறி. கீழ் மூலையில் கியூஆர் சதுரம். போனைக் காட்டினால் வரைபடமே திறக்கும். அந்த யோசனை என்னுடையது. பெருமையாக இருந்தது.

இனி வருவதுதான் எனக்கு இன்றும் தாங்க முடியாதது. அச்சகத்திலிருந்து வந்த முதல் மாதிரியில் நுவரெலியாப் பக்கத்து ஓணானின் படம் இருந்தது. அதற்கு மூக்கில் இலை இல்லை, கொம்பு. திருப்பி அனுப்பினேன். இரண்டாம் மாதிரியில் மூக்கிலை வெற்றிலை அளவுக்கு இருந்தது. அதையும் திருப்பினேன். மூன்றாவதில் நிறம் பிசகு. அச்சகக்காரர் பாவம், "மேடம், ஓணான்தானே" என்றார். அவரைப் பொரிந்து தள்ளிவிட்டேன். ஒரு மாதம் முழுக்க அந்த மூக்கோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் படம் அச்சு அசலாக வந்தது. ஓர் ஆய்வாளர் எதைச் சரி பார்ப்பாரோ அதைச் சரியாகப் பார்த்தேன். அந்தப் பலகை மொத்தமாக என்ன சொல்கிறது என்று மட்டும் ஒரு தடவைகூட வாசிக்கவில்லை. 'பிடிக்கச் சுலபமான, வேறெங்கும் கிடைக்காத பிராணி இந்தப் பக்கம் இருக்கிறது' என்று மூன்று மொழியில் எழுதி வைத்திருந்தேன்.

எங்கள் கள அலுவலர் ரிஸ்வான் அதைக் கவனித்திருக்கிறார். மாத்தளை டவுன் ஆள், நாற்பது வயது. அவர் வாப்பாவுக்கு மிளகு, ஏலம், கராம்பு வியாபாரம். காட்டை என்னிடம் கற்றுக்கொண்டார் என்றாலும் மனிதர்களை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர். மாதிரியை மேசையில் விரித்தபோது வெகுநேரம் பார்த்துவிட்டு, "மேடம், இந்த அம்புக்குறி..." என்று தொடங்கினார்.

"அம்புக்குறிக்கு என்ன? சரியான பக்கம்தானே காட்டுது?" என்றேன்.

"சரியான பக்கம்தான்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

திறப்பு விழாவன்று நாலைந்து அதிகாரிகள் வந்தார்கள். ரிவர்ஸ்டன் காற்றில் குத்துவிளக்கு ஏற்ற ஒரு பெட்டி நெருப்புக்குச்சி போயிற்று. எல்லோரும் கிளம்பிய பிறகு ராசம்மா வந்து பலகையைச் சுற்றிப் பார்த்தார்.

"எதுக்கு மிஸ் இது?"

"ஓணானைக் காப்பாத்தத்தான்."

"இது வரைக்கும் அது இங்க இருக்குறது எனக்கும் இன்னும் ரெண்டு மூணு பேருக்குந்தான் தெரியும். இனி ரோட்டுல போறவங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருமே."

"தெரிஞ்சாத்தான் ராசம்மா மதிப்பாங்க. போர்டைப் பாத்துட்டு யாராவது வந்து கேட்டா விரட்டாதீங்க. மரியாதையா வழி காட்டுங்க."

"சரி மிஸ்."

தோட்டப் பக்கம் வேலை செய்யப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 'சரி மிஸ்' என்றால் சம்மதம் என்று அர்த்தமில்லை. உன்னிடம் பேசிப் பிரயோசனமில்லை என்று அர்த்தம்.

ஆட்கள் வந்தார்கள். முதலில் பலகையோடு செல்பி எடுத்தார்கள். பிறகு ஓணானோடு. பிறகு ஓணானைத் தோளில் வைத்து. முகநூலில் படம் பார்த்து இன்னும் பேர் வந்தார்கள். முச்சக்கர வண்டிக்காரர்கள் அந்த இடத்தையும் தங்கள் சுற்றுலாப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் அறிக்கையில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'மக்களிடையே ஆர்வம் வெகுவாக அதிகரித்துள்ளது.' அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நாலாம் மாதம் கீழே ஒரு சோதனைச் சாவடியில் வெளியூர் வான் வண்டி ஒன்றைப் பிடித்தார்கள். உடுப்புப் பைக்குள் காலுறைகள், ஒவ்வொரு காலுறைக்குள்ளும் ஓர் ஓணான். ஏழு. அதில் இரண்டு செத்திருந்தன. வெளிநாட்டில் வளர்ப்புப் பிராணியாக விற்பதற்காம். பிடிபட்ட இரண்டு பேரும், "ஏலத்தோட்டத்து அம்மாதான் இடத்தைக் காட்டினார்" என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டார்கள். மறுநாளே வனவிலங்கு அதிகாரிகள் ராசம்மாவை விசாரித்தார்கள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். அவர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் திருடி என்ற பேச்சும் தொடங்கிவிட்டது. மூன்று நாள் கழித்து இரண்டாவது விசாரணை. அதற்கு எங்கள் அமைப்பும் விளக்கம் தரவேண்டும்.

எங்கள் நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. அவசரக் கூட்டத்திலும் பெட்டிஸ் பலகாரமும் தேநீரும் தவறவில்லை. திட்டத்தின் இரண்டாம் கட்டம் அனுமதிக்காகக் காத்துக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் பெயர் கெட்டால் அது வராது. வராவிட்டால் என் கீழிருந்த மூன்று பேருக்கும் வேலை இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. 'அமைப்பைக் காப்பாற்றினால்தான் ஓணானைக் காப்பாற்றலாம்' என்று ஒருவர் சொன்னார், நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். கடிதத்தை நானே எழுதினேன். 'உள்ளூர்வாசி ஒருவர் இடத்தைக் காட்டியதாக அறிகிறோம். அவர் எமது பணியாளர் அல்லர். எமது பணியாளர் எவரும் இதில் ஈடுபடவில்லை.' ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. சேர்த்து வாசித்தால் முழுப் பொய். படித்தவர்களுக்கு இந்த வேலை நன்றாக வரும்.

பிரதி எடுக்க ரிஸ்வானிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே வாசித்தார்.

"மேடம், இதுல போர்டப் பத்தி ஒண்டும் இல்லயே."

"கேஸுக்கும் போர்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"அந்தாளுகள்ட போன்ல போர்ட் போட்டோ ஈந்திச்சாம். சாவடியில நிண்டவரு எனக்குத் தெரிஞ்சவரு."

"அதை யாராவது நம்மகிட்ட கேட்டாங்களா?"

"கேக்கல்ல." கடிதத்தை மேசையில் வைத்தார். "அண்டைக்கே செல்ல வந்த மேடம். அந்த அம்புக்குறி."

"வந்தா சொல்ல வேண்டியதுதானே. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீங்க அந்த நேரம் மூக்கப் பத்தி ஏசிக்கிட்டு ஈந்தீங்க. அதுக்கு முந்தின கெழம மழை அளவ பிழையா எழுதினதுக்கு எல்லாருக்கும் முன்னுக்கு எனக்கு ஏசினீங்க. இன்னொருக்கா வாங்கிக் கட்டிக்க ஏலாம ஈந்திச்சு."

அதற்கும் நான் ஏசத்தான் வாயைத் திறந்தேன். அவர் சொன்னது அதற்குள் உறைத்துவிட்டது. என் கோபத்தை நான் அதுவரை நேர்மை என்றே நினைத்திருந்தேன். வேலையில் பிசகு பொறுக்கமாட்டேன், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்வேன். எனக்கு நல்லது சொல்லக்கூடிய இரண்டே பேரையும் அந்தக் கோபம் வாயடைத்து வைத்திருந்தது. ஒருவர் 'சரியான பக்கம்தான்' என்றார், மற்றவர் 'சரி மிஸ்' என்றார். நானும் சரி என்றே எடுத்துக்கொண்டேன்.

"இந்தக் கடிதம் போகலைன்னா ரெண்டாம் கட்டம் வராது ரிஸ்வான். உங்க வேலையும் போயிரும்" என்றேன்.

"போனா வாப்பாட கடையில மொளகு நெறுப்பன். ராசம்மா எங்க போற?"

கடிதத்தைக் கிழித்துப் போட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. கிழிக்கவில்லை. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, விசாரணைக்கு அதோடுதான் போனேன்.

அலுவலக வாசல் பெஞ்சில் ராசம்மா உட்கார்ந்திருந்தார். விசேஷத்துக்குக் கட்டும் சேலை. இரண்டு கையாலும் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார், யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை தனக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி பத்தடி தள்ளி நின்றார். என்னைக் கண்டதும் ராசம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. கணக்கப்பிள்ளையைப் பார்த்து, "பாத்தீங்களா ஐயா, மிஸ் வந்துட்டாங்க" என்றார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"நீங்க சொன்ன மாதிரிதான் மிஸ் செஞ்சேன். போர்டைக் காட்டிக் கேட்டாங்க. மரியாதையா கூட்டிட்டுப் போய்க் காட்டுனேன். பிளேன்டி குடிக்கிறீங்களான்னுகூட கேட்டேன்."

காட்டில் யானை எதிரே வந்து நின்றிருக்கிறது, மண்சரிவில் ஓர் இரவு மாட்டிக்கொண்டிருக்கிறேன். அப்போதெல்லாம் திரும்பி ஓடத் தோன்றியதில்லை, இப்போது தோன்றியது. என் பைக்குள் அந்தப் பெண்ணைக் காட்டிக்கொடுக்கும் கடிதம் இருக்கிறது, அவர் என்னைக் கண்டு தைரியமாகிறார். வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

அதிகாரி இளைஞர், நல்ல மாதிரி. சிங்களத்தில் கேட்டார். அந்த இடம் இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பலகை எங்களுடையது, அம்புக்குறியும் வரைபடமும் என் யோசனை, வருகிறவர்களுக்கு வழி காட்டும்படி இந்த அம்மாவிடம் சொன்னதும் நான்தான், அவர் வேண்டாம் என்றபோது நான் கேட்கவில்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை எழுதினால் உங்களுக்குத்தான் சிக்கல். யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். யோசித்து யோசித்துத்தான் மூன்று நாள் அந்த அம்மாவை லயத்தில் திருடியாக உட்காரவைத்தேன், இப்போதே எழுதுங்கள் என்றேன். எழுதினார். வரிக்கு வரி வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

இதைக் கேட்டு யாரும் கைதட்ட வேண்டாம். மூன்று நாள் முன்பே செய்திருக்க வேண்டியதை, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு செய்தேன். அவர் பெஞ்சில் இல்லாமல் இருந்திருந்தால் கடிதத்தை நீட்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நெருக்கடி வந்தால் முதலில் உங்களுக்கு ஒரு நல்ல கடிதம் எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். யார் தலையில் பழி விழுகிறதோ அவரைப் போய்ப் பாருங்கள், பிறகு எழுத்து மேசைக்கு வரலாம்.

ராசம்மாவை விட்டுவிட்டார்கள். எனக்கு எழுத்தில் கண்டனம் வந்தது. இரண்டாம் கட்டம் வரவில்லை. மூன்று பேரும் வேலை இழந்தார்கள். ரிஸ்வான் சொன்னபடியே கடைக்குப் போனார். நான் போனால் இன்றும் தேநீர் தருகிறார், ஆனால் என்னை இன்னமும் மேடம் என்றுதான் கூப்பிடுகிறார், அந்தக் கடையில் அதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ராசம்மாவை ஏலத்துக்குத் திரும்ப எடுக்காமல், செங்குத்தான மலையில் கொழுந்து பறிக்கப் போட்டார்கள். அந்த வயதில். நான் துரையிடம் மூன்று தடவை நடந்தேன். மூன்றாவது தடவை, என் தொல்லை தாங்காமல்தான் என்று நினைக்கிறேன், ராசம்மாவைப் பழைய இடத்துக்கே விட்டார்.

பலகையை நாங்களே பிடுங்கினோம். அத்தனை உறுதியாகக் கட்டியிருந்தோம், சிமெந்தை உடைக்க அரை நாள் எடுத்தது. உடைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குடும்பம் வானிலிருந்து இறங்கி, "ஓணான் போர்ட் இதுதானா? கொஞ்சம் நிறுத்துங்க, ஒரு போட்டோ" என்றது. எடுத்தார்கள். என் முகமும் அதில் இருக்கும்.

ஓய்வுபெறுவதற்கு முந்தின மாதம், கடைசிக் கணக்கெடுப்புக்காக அந்தப் பற்றைக்குப் போனேன். காலையிலேயே பனிமூட்டம். ராசம்மா சாக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். இருவரும் குடும்பம், பிள்ளைகள் பற்றிப் பேசினோம். படிவத்தை எடுத்தேன்.

"ராசம்மா, இந்த வருஷம் இங்க ஓணான் இருக்கா?"

"எந்த ஓணான் மிஸ்?"

"மூக்குல இலை மாதிரி இருக்குமே."

"அதா? நான் பாக்கலியே மிஸ். இப்பெல்லாம் இல்ல போல."

என் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த தூருக்கு நகர்ந்தார். இல்லை, அடுத்ததற்கு இல்லை. நடுவில் ஒரு தூரை விட்டுவிட்டுப் போனார். மரத்தடியில், காய் முற்றி நின்ற தூர். மாலையில் சாக்கைத் தராசில் வைக்கப்போகிற எவரும் அப்படி விட்டுவிட்டுப் போகமாட்டார்கள்.

என் கால் தானாக அந்த மரத்தை நோக்கித் திரும்பியது. முப்பது வருடப் பழக்கம். நிறுத்தினேன். இவருக்கு நான் வெளியாள் ஆகிவிட்டேன் என்பது வலித்தது. அந்த மரத்தில் ஏதோ இருக்கிறது, அதற்கு என்னைவிட நல்ல காவல் இருக்கிறது என்பது சந்தோஷமாகவும் இருந்தது. படிவத்தில் 'காணப்படவில்லை' என்று எழுதினேன். பொய்யில்லை, நான் பார்க்கவில்லை.

"எழுதிட்டீங்களா மிஸ்?"

"எழுதிட்டேன்."

"அப்ப கெளம்புங்க" என்றார் ராசம்மா, தலையைத் தூக்காமல். "மழை வருது."